கடைத்தெருவின் மறுவாழ்வு

ஓர் ஊரின் நிலையை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கடைத்தெருவிற் சிறிது தூரம் நடந்து பார்த்தாற் போதும். திறந்திருக்கும் கடைகள் எத்தனை, பூட்டிக் கிடக்கும் கடைகள் எத்தனை என்று எண்ணினாலே பாதிக் கணக்குத் தெரிந்துவிடும். கடைத்தெரு என்பது பண்டங்களை விற்று வாங்கும் இடம் மாத்திரமன்று. யார் வீட்டிற் கலியாணம், யாருக்குச் சுகமில்லை, எந்தப் பாதை வெள்ளத்திற் போயிற்று என்பன போன்ற ஊர்ச் செய்திகள் யாவும் கைமாறும் இடமும் அதுவே. ஆகவே, ஒரு கடைத்தெரு வாடும்போது வணிகர் சிலரின் வருவாய் குறைவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஊரார் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பே குறைந்துபோகின்றது.

அவ்வாறு வாடிய தெருக்களை ஊர்மக்களே முன்வந்து மீண்டும் தளிர்க்கச் செய்த வரலாறுகள் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகள், அவுஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் அனுபவம் இங்கே ஆராயப்படுகின்றது. மூன்றும் வெவ்வேறு சூழல்களில் நிகழ்ந்தவை. எனினும், மூன்றும் ஒரே உண்மையையே உணர்த்துகின்றன.

முதலிற் கடைத்தெரு எவ்வாறு வாடுகின்றது என்பதை நோக்குவோம். புடைவைக் கடைக்கு வருபவர் பக்கத்து மருந்துக் கடையிலும் நுழைகின்றார். மருந்து வாங்க வந்தவர் எதிரேயுள்ள தேநீர்க் கடையில் அமர்கின்றார். ஒரு கடையின் வாடிக்கையாளர் மற்றக் கடைக்கும் வாடிக்கையாளராவது தெருவின் இயல்பு. ஆதலால், ஒரு கடை மூடப்பட்டால் அதன் நட்டம் அக்கடைக்காரரோடு நிற்பதில்லை. அயற்கடைக்கு வருவோர் தொகையும் குறைகின்றது. பின்னர் அதுவும் மூடப்படுகின்றது. பூட்டிய கதவுகளின் முன்னே குப்பை சேர்கின்றது. இரவில் வெளிச்சம் குறைகின்றது. பெண்களும் முதியோரும் அவ்வழியே செல்ல அஞ்சுகின்றனர். “அந்தத் தெருவில் இனி ஒன்றுமில்லை” என்ற பேச்சு ஊரிற் பரவுகின்றது. அப்பேச்சு தொடக்கத்திற் பாதியளவே உண்மையாயிருப்பினும், அதனை நம்பி மக்கள் வராதொழிவதால் நாளடைவில் முழு உண்மையாகிவிடுகின்றது.

அமெரிக்காவில் இந்நோய் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கடுமையாய்ப் பரவிற்று. 1956ஆம் ஆண்டிலே மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்களை அமைப்பதற்கான சட்டம் அங்கு நிறைவேறிற்று. மோட்டார் வண்டி வைத்திருந்த குடும்பங்கள் நகரின் புறத்தே சென்று குடியேறின. அதே 1956ஆம் ஆண்டில், மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா என்னும் ஊரிற் ‘சவுத்டேல்’ என்ற பேரங்காடி திறக்கப்பட்டது. முழுவதும் கூரையால் மூடப்பட்டு, வெப்பமும் குளிரும் தாக்காதபடி அமைந்த இவ்வகைப் பேரங்காடிகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. அதனை வரைந்தவர் வியன்னாவிற் பிறந்த விக்டர் குருவென் என்னும் கட்டடக் கலைஞர். தம் பிறந்த நகரின் சதுக்கங்களிலே மக்கள் கூடி மகிழ்வதுபோல அமெரிக்கப் புறநகர் மக்களும் கூடுதற்கு ஓரிடம் வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால், அவரது அமைப்பைப் பின்பற்றி நாடெங்கும் எழுந்த பேரங்காடிகள் பழைய ஊர்களின் நடுத்தெருக்களை வெறிச்சோடச் செய்தன. பிற்காலத்தில் அவரே அவற்றை வெறுத்து, தமக்கும் அவற்றுக்கும் உறவில்லையெனக் கூறினார்.

பழைய கடைத்தெருக்கள் தம்மைக் காத்துக்கொள்ள முதலில் மேற்கொண்ட வழி பேரங்காடியைப் போலித்தல். செங்கல்லாலும் கருங்கல்லாலும் அமைந்த அழகிய முகப்புகளை அலுமினியத் தகடுகளால் மூடிப் புதுமைத் தோற்றம் கொடுத்தனர். வாகனம் நிறுத்துவதற்காகப் பழைய கட்டடங்களை இடித்து வெற்றிடமாக்கினர். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம் 1959ஆம் ஆண்டிலே தன் கடைத்தெருவின் ஒரு பகுதியில் வாகனங்களைத் தடுத்து, நடப்போர்க்கு மட்டும் உரியதாக்கிற்று. அதைக் கண்டு வேறு பல நகரங்களும் அவ்வாறே செய்தன. அவற்றுட் பல, பயன் காணாது, பின்னர் வாகனங்களுக்குத் தம் தெருக்களை மீண்டும் திறந்துவிட்டன. கலமசூவிலும் 1998இல் ஒரு பகுதி அவ்வாறு திறக்கப்பட்டது. புறத்தோற்றத்தை மாற்றினாற் போதும் என்று கருதியதே இம்முயற்சிகளின் குறை.

பேரங்காடியின் வலிமை அதன் பளபளப்பில் இல்லை; அதன் நிருவாகத்தில் இருந்தது. அங்கே நூறு கடைகள் இருப்பினும் அனைத்துக்கும் நிருவாகம் ஒன்று. எந்தக் கடைக்கு அருகே எந்தக் கடை இருக்கவேண்டும், எல்லாக் கடைகளும் எத்தனை மணிக்குத் திறக்கவேண்டும், எந்த இடம் வெறுமையாய்க் கிடக்கின்றது, அதற்கு யாரைக் கொண்டுவரலாம் என்பவற்றை அந்நிருவாகம் நாள்தோறும் கவனித்தது. கடைத்தெருவிலோ கட்டடத்துக்கு ஓர் உடைமையாளர், கடைக்கு வேறொருவர், நடைபாதைக்கு மாநகரசபை, விளக்குக்கு இன்னொரு திணைக்களம் என்று பொறுப்புச் சிதறிக் கிடக்கின்றது. அவரவர் தத்தம் வாசல்வரை பெருக்குவர். தெரு முழுவதையும் தன் வீடாகக் கருதிப் பார்ப்பவர் எவருமில்லை. தெருவின் மறுவாழ்வு என்பது உண்மையில் இக்குறையை நிரப்புவதே.

நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோர்னிங் என்னும் சிற்றூர் இதனை முதலில் உணர்ந்தவற்றுள் ஒன்று. கண்ணாடித் தொழிலாற் பெயர்பெற்ற அவ்வூரை 1972ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ‘அக்னெஸ்’ என்னும் சூறாவளியின் விளைவாய் எழுந்த பெருவெள்ளம் பாழாக்கிற்று. அவ்வூரின் ‘மார்க்கெட் தெரு’ சேற்றில் மூழ்கியது. வெள்ளத்துக்குப் பின்னர் பழைய கட்டடங்களை அழித்துவிடாமற் பேணுவதென்று ஊரார் துணிந்தனர். 1974இல் அத்தெருவுக்கெனத் தனியான ஒரு புனரமைப்பு நிறுவகம் தோன்றிற்று. அதன் பொறுப்பை ஏற்ற நோர்மன் மின்ஸ் என்பவர் கடை கடையாகச் சென்று, முகப்பை எவ்வாறு பழுதுபார்க்கலாம், பெயர்ப்பலகையை எவ்வாறு எழுதலாம் என்று ஆலோசனை வழங்கினார். கட்டளையிடுவதற்கு அவரிடம் அதிகாரம் இருக்கவில்லை. பேசி இணங்கச் செய்வதே அவருடைய கருவி. ஒரு கடை அழகுபெற்றதைக் கண்டு அயற்கடைக்காரரும் முன்வந்தனர்.

1977ஆம் ஆண்டில், வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் தேசிய நம்பிக்கை நிதியம் இதே வழியிற் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் மேரி மீன்ஸ் என்னும் பெண்மணி. கவிஞர் கார்ல் சான்பேர்க் பிறந்த கேல்ஸ்பேர்க், ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள மடிசன், தென் டக்கோட்டாவின் கருமலைப் பகுதியிலுள்ள ஹொட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று சிற்றூர்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊருக்கும் முழுநேர முகாமையாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரைச் சூழ ஊரவரான தொண்டர்கள் அணிதிரண்டனர். மூன்றாண்டு அனுபவத்தின் பின், 1980இல் இத்தகைய ஊர்களுக்கு வழிகாட்டும் தேசிய நிலையம் நிறுவப்பட்டது. அன்றுமுதல் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் இம்முறையைக் கையாண்டுள்ளன.

அம்முறையின் தூண்கள் நான்கு. முதலாவது அமைப்பு: வணிகர், கட்டட உரிமையாளர், வங்கியாளர், ஆசிரியர், குடியிருப்போர் ஆகியோரை ஒரே மேசையைச் சுற்றி இருத்துதல். இரண்டாவது பரப்புதல்: தெருவின் நற்செய்தியை ஊரறியச் செய்தலும், விழா, சந்தை முதலியவற்றால் மக்களை வரவழைத்தலும். மூன்றாவது வடிவமைப்பு: உள்ள கட்டடங்களின் இயற்கை அழகை வெளிக்கொணர்தல். நான்காவது பொருளாதாரச் சீரமைப்பு: எவ்வகைக் கடைகள் அத்தெருவில் நிலைக்கும் என்று கணக்கிட்டு அவற்றுக்கு இடமளித்தல். இவற்றுள் ஒன்றை மட்டும் செய்து மற்றவற்றை விட்டால் வேலை கைகூடாது. வர்ணம் பூசிய தெருவிற் கடையில்லையெனில் வருபவர் இல்லை. விழாவுக்கு வந்தவர்கள் வாங்குதற்குப் பொருளில்லையெனில் மறுமுறை வரமாட்டார்கள்.

தொண்டர்கள் செய்யும் வேலை பெரும்பாலும் ஆரவாரமற்றது. முதல் வேலை எண்ணுதல். எந்தக் கடை வெறுமையாய் இருக்கின்றது, அதன் உரிமையாளர் யார், கூரை ஒழுகுகின்றதா, மின்னிணைப்பு உண்டா என்று வாசல் வாசலாகச் சென்று குறித்துக்கொள்வர். அடுத்தது விசாரித்தல். ஊரவர் எந்தெந்தப் பொருளை வாங்க வெளியூர் செல்கின்றனர் என்று கேட்டறிவர். சில குறைகள் பணமின்றியே தீரக்கூடியவை. வாகனம் நிறுத்த இடமில்லை என்பது பல தெருக்களிற் கேட்கும் முறைப்பாடு. ஆராய்ந்து பார்த்தால், கடைவாசலில் நாள்முழுவதும் நிற்பவை கடைக்காரரதும் அவர்தம் ஊழியரதும் வாகனங்களாகவே இருப்பதுண்டு. அவற்றைப் பின்தெருவுக்கு மாற்றுதற்கு ஓர் உடன்பாடு போதும். ஒரு கட்டடத்தையும் இடிக்கவேண்டியதில்லை. கடைகளெல்லாம் ஒரே நேரத்தில் திறத்தலும், பூட்டிய பின்னரும் காட்சிக் கண்ணாடிக்குள் ஒரு விளக்கை எரியவிடுதலும் இத்தகைய சிறு உடன்பாடுகளே. தனியொருவர் செய்தாற் பயன்படாத காரியம் அனைவரும் செய்யும்போது பயன்தருகின்றது.

இங்கே செய்தியின் பங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஒரு கடை மூடப்பட்ட செய்தி தானாகவே பரவும். ஒரு கடை திறக்கப்பட்ட செய்தியையோ பரப்ப ஆள் வேண்டும். பெரிய பத்திரிகைகளுக்குச் சிறு தெருவிற் புதிதாய்த் திறந்த தையற்கடை செய்தியாகாது. ஆகவே, ஒற்றைத்தாள் அச்சுப்பிரதியோ, அறிவிப்புப் பலகையோ, இக்காலத்திற் கைத்தொலைபேசிக் குழுவோ ஏதேனுமொன்று அத்தெருவுக்கெனவே இருத்தல் நன்று. யார் கடை திறந்தார், எந்த விளக்கு பழுதாயிற்று, யாரிடம் முறையிடப்பட்டது, என்ன மறுமொழி வந்தது என்பன அதில் ஒழுங்காக இடம்பெறவேண்டும். அவ்வாறான செய்தித்தாள் புகழ்பாடும் ஏடாகிவிடலாகாது. நடந்ததையும் நடவாததையும் உள்ளபடி கூறினாலன்றி ஊரார் அதை நம்பார். நம்பிக்கை இழந்த தெருவுக்கு முதலில் வேண்டிய முதல் நம்பகமான செய்தியே.

உரிமையாளர் கட்டடத்தை வாடகைக்குக் கொடுக்க மனங்கொள்ளாவிட்டால் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை கண்டது அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரம். துறைமுகமும் உருக்காலையும் கொண்ட தொழில்நகரம் அது. 1989ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அங்கே பதின்மூவர் உயிரிழந்தனர். கட்டடங்கள் பல சிதைந்தன. பத்தாண்டின் பின், 1999இல், 1915 முதல் இயங்கிவந்த பெரிய உருக்காலையும் மூடப்பட்டது. நகரின் தலைமைக் கடைத்தெருவாகிய ‘ஹன்ரர் தெரு’ படிப்படியாக வெறுமையுற்றது. அந்நகரிற் பிறந்து வளர்ந்த மார்க்கஸ் வெஸ்ற்பரி என்பவர் 2008ஆம் ஆண்டளவில் நடுநகரத்தில் நடந்து எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ நூற்றைம்பது கட்டடங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

இத்தனை இடங்கள் வெறுமையாய் இருந்தும் ஒரு சிறு தொழிலாளிக்கு ஓரிடம் கிடைக்காதது ஏன்? உரிமையாளர் குறைந்த வாடகைக்கு நீண்டகாலக் குத்தகை எழுதிக்கொடுத்தாற் கட்டடத்தின் மதிப்பே குறைந்துவிடும் என்று அஞ்சினர். நாளை நல்ல விலைக்கு வாங்குபவர் வந்தால் இருப்பவரை எழுப்பமுடியாதே என்ற தயக்கமும் இருந்தது. புதிதாய்த் தொழில் தொடங்குவோருக்கோ பல்லாண்டுக் குத்தகைக்குக் கையொப்பமிடும் வலிமை இல்லை. வெஸ்ற்பரியும் நண்பர்களும் ‘நியூகாசிலைப் புதுப்பிப்போம்’ என்ற கருத்துடைய இலாபநோக்கற்ற அமைப்பை 2008இல் நிறுவி, குத்தகைக்குப் பதிலாக முப்பது நாள் அனுமதி என்ற முறையை வகுத்தனர். உரிமையாளர் இடத்தைத் தற்காலிகமாகக் கொடுப்பார். தேவைப்பட்டால் முப்பது நாள் முன்னறிவித்தல் தந்து மீளப் பெற்றுக்கொள்வார். காப்புறுதி முதலிய பொறுப்புகளை அமைப்பு ஏற்கும். இடம் பெற்றவர் அதனைத் துப்புரவாக வைத்து, குறித்த நாள்களிலே திறந்து தொழில் நடத்துவார். நகை செய்வோர், ஓவியர், துணியில் அச்சிடுவோர், ஒளிப்படக் கலைஞர் எனப் பலர் இவ்வாறு உள்ளே வந்தனர். கட்டுமானம் எதுவும் புதிதாய் எழவில்லை. மாறியது விதி மாத்திரமே. விளக்கெரியும் கடைகளைக் கண்டு மக்கள் திரும்பினர். ‘லோன்லி பிளனெற்’ என்னும் பயண நூல் வெளியீட்டகம் 2011ஆம் ஆண்டுக்குரிய சிறந்த பத்து நகரங்களின் வரிசையில் நியூகாசிலையும் சேர்த்தது. அவ்வமைப்பு 2019இல் தன் பணியை நிறைவுசெய்துகொண்டது.

எனினும், இங்கே ஒரு சிக்கல் உண்டு. தெரு உயிர்பெற்றதும் அதன் மதிப்பு உயர்கின்றது. மதிப்பு உயர்ந்ததும் வாடகை உயர்கின்றது. யாருடைய உழைப்பாலே தெரு தளிர்த்ததோ அவரே அங்கிருந்து வெளியேற நேரிடுகின்றது. முப்பது நாள் அனுமதி கட்டடத்தைத் திறக்கும் திறவுகோல். ஆனால், உள்ளே வந்தவர் நிலைத்திருப்பதற்கு அது உறுதியளிப்பதில்லை. இச்சிக்கலுக்கு மறுமொழி தேடியவர்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மக்கள் சிலர்.

லிவர்பூலின் ரொக்ஸ்ரெத் பகுதியிலுள்ள ‘கிரான்பி தெரு’ ஒருகாலத்திற் பல நாட்டு மக்களும் பண்டம் வாங்கிய, கலகலப்பான கடைத்தெரு. துறைமுகத் தொழில் நலிந்தமையும், 1981ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பகுதியில் நடந்த கலவரமும் அதனைத் தாக்கின. அதன் பின்னர் அதிகாரிகள் வீடுகளை வாங்கி, குடியிருந்தோரை வேறிடம் அனுப்பி, பல தெருக்களை இடித்தனர். பழைய வீடுகளோடு எஞ்சியவை நான்கு தெருக்களே. அவற்றிலும் பெரும்பாலான வீடுகள் பலகை அறையப்பட்டுக் கிடந்தன. வெளியேற மறுத்துத் தங்கியிருந்த ஒருசில குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் கையிலிருந்ததைக் கொண்டு வேலை தொடங்கினர். தெருவைக் கூட்டினர், நடைபாதையிலே தொட்டிகள் வைத்துப் பூஞ்செடி வளர்த்தனர், பலகை அறைந்த சன்னல்களில் ஓவியம் தீட்டினர். பின்னர் மாதந்தோறும் ஒரு தெருச் சந்தை கூட்டினர். கடைகள் அழிந்துபோன இடத்திற் கடைத்தெருவின் தொழிலை மேசைகளின் மேல் மீண்டும் நடத்திக் காட்டினர். மாநகரசபையின் திட்டங்கள் பலமுறை மாறின. இவர்கள் சந்தை மாறவில்லை.

2011ஆம் ஆண்டில் அவர்கள் சமூக நில நம்பிக்கை நிதியம் ஒன்றை நிறுவினர். இதன் இயல்பு நேயர்கள் கவனித்தற்குரியது. நிலமும் கட்டடமும் தனியொருவருக்கு அன்றி, ஊரவர் உறுப்பினராயுள்ள ஒரு பொது அமைப்புக்கு உரிமையாகின்றன. அதனால், வாடகையும் விலையும் சந்தைப் போக்கில் ஏறாமல், அப்பகுதி மக்களின் வருமானத்துக்கு ஏற்ப வரையறுக்கப்படுகின்றன. மாநகரசபை ‘கெயார்ன்ஸ் தெரு’விலுள்ள பத்து வீடுகளை அந்நிதியத்திடம் ஒப்படைத்தது. ‘அசெம்பிள்’ என்னும் இளங் கட்டடக் கலைஞர் குழு அவர்களோடு சேர்ந்து அவ்வீடுகளைப் புதுப்பித்தது. இடிபாட்டுக் கற்களையும் தூளாக்கிச் சேர்த்து, வீட்டுக்குரிய அலங்காரப் பொருள்கள் செய்யும் பட்டறை ஒன்றும் அங்கே எழுந்தது. 2015ஆம் ஆண்டில், ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பெயர்போன ‘ரேணர் பரிசு’ அக்குழுவுக்குக் கிடைத்தது. கூரையிழந்த இரண்டு வீடுகள் இணைக்கப்பட்டு, 2019இல் உள்ளே மரஞ்செடிகள் வளரும் பொதுக்கூடமாகத் திறக்கப்பட்டன. பரிசைப் பெற்றவர் கலைஞர். அப்பரிசுக்கு நிலம் பண்படுத்தியவர்கள் அதற்குப் பல்லாண்டு முன்னரே தொட்டியில் மண் நிரப்பியவர்கள்.

தொண்டர் முயற்சிக்கு எல்லையும் உண்டு. வடிகால், குடிநீர், தெருவிளக்கு, பாதுகாப்பு ஆகியவை உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. தொண்டர்கள் இருக்கின்றார்களே என்று மன்றம் தன் கடமையைக் கைவிடுமாயின், அத்தொண்டு தீமையாய் முடியும். மேலும், தொண்டர்கள் களைப்படைவர். ஒருவரே எல்லாச் சுமையையும் தாங்கினால், அவர் ஊர்மாறிச் செல்லும் நாளில் வேலையும் நின்றுவிடும். அமெரிக்க ஊர்களிலே முழுநேர முகாமையாளர் ஒருவர் சம்பளத்துக்கு வைக்கப்பட்டதன் காரணம் இதுவே. அன்பு வேலையைத் தொடங்கிவைக்கும். ஒழுங்கே அதைத் தொடர்ந்து நடத்தும்.

நம் நாட்டினருக்கு இக்கருத்துகள் முற்றிலும் புதியன அல்ல. சிரமதானம் என்ற சொல்லை அறியாத ஊர் இங்கே இல்லை. சனசமூக நிலையங்களிலே பத்திரிகை வாசித்து ஊர்க் காரியம் பேசும் வழக்கமும், கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திய அனுபவமும் தமிழ் மக்களிடம் உண்டு. ஆயினும், சிரமதானம் பெரும்பாலும் ஒருநாட் பணியாக முடிந்துவிடுகின்றது. காலையிற் கூடிப் புல் வெட்டி, மதியம் உணவருந்திக் கலைந்துவிடுகின்றோம். கடைத்தெருவை எழுப்புவோருக்கு அவ்வொருநாள் ஊக்கத்தினும் மாதந்தோறும் தவறாது கூடும் பொறுமையே வேண்டியது.

நலிந்த கடைத்தெருவை உடைய எந்த ஊரும் நாளையே இவ்வேலையைத் தொடங்கலாம். முதலில், இருவர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, பூட்டிய கதவுகளை எண்ணட்டும். அக்கணக்கைச் சனசமூக நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் எல்லாருங் காண ஒட்டட்டும். உரிமையாளர் ஒருவரையேனும் கண்டு பேசி, ஒரு கதவைச் சில மாதங்களுக்காவது திறக்கச் செய்யட்டும். இடம் கொடுத்தவரின் உரிமையும் இடம் பெற்றவரின் பாதுகாப்பும் தெளிவாக விளங்கும்படி உடன்பாட்டைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். திறந்த கதவைப் பற்றிய செய்தி மறுநாளே அதே பலகையில் ஏறட்டும். ஒரு கடை மூடப்பட்டதனால் அயற்கடையும் நலிந்தது போலவே, ஒரு கடை திறக்கப்படுவதனால் அயற்கடையும் தழைக்கும். அழிவுக்கு வழியான அதே தொடர்பு ஆக்கத்துக்கும் வழியாகின்றது. அதனை மறுதிசையிற் செலுத்துவதற்கு முதற் கதவைத் திறக்கும் கைகளே தேவை.